இறைத்த நீர் திரும்பி வருதல்: ஒரு விசாரணை

ஐப்பசி பிறந்து, வடகிழக்குப் பருவக்காற்று வங்கக் கடலிலிருந்து மேகங்களை ஏவத் தொடங்கியதும், வேளச்சேரி, மடிப்பாக்கம், முடிச்சூர் முதலிய தாழ்ந்த பிரதேசங்களில் வீடு கட்டிக் குடியேறிய கிருகஸ்தர்களிடையே ஆண்டுதோறும் தலைதூக்கும் ஒரு பிரச்சினை, அதன் காம்பீரியத்துக்குத் தக்க ஆராய்ச்சியை இன்றளவும் பெறாமலே இருந்து வருகிறது. வண்டி நிறுத்தும் தளத்தின் மூலையில் வெட்டிய வடிகுழிக்குள் அரைக் குதிரைத்திறன் மோட்டார் ஒன்று அமர்ந்து, இரவு பகல் பாராமல் நீரை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கிறது. குழியில் நீர் குறைந்தபாடில்லை. இறைத்த நீர் எங்கே போயிற்று, இப்போது குழியில் நிற்பது எந்த நீர் என்பதே ஈண்டு விசாரணைக்கு எடுத்துக்கொண்ட விஷயம்.

இவ்விஷயத்தில் அறிஞர்கள் ஒருமனப்பட்டவர்களல்லர். போன நீர் வேறு, வந்த நீர் வேறு, மழை புதிது புதிதாகப் பெய்கிறது, மோட்டார் புதிது புதிதாக இறைக்கிறது, இதில் வியப்பென்ன என்று கேட்பவர்கள் துவைதிகள். இவர்கள் பக்கம் கணக்கு இருக்கிறது. ஒரு கிரவுண்டு மனையில், அதாவது 2,400 சதுர அடியில், 1 சென்டிமீட்டர் மழை பெய்தால் விழும் நீர் ஏறத்தாழ 2,230 லிட்டர். சென்னையில் கார்த்திகை மாதத்தில் ஒரே நாளில் 10 சென்டிமீட்டர் கொட்டுவது அபூர்வமன்று என்பதால், 22,300 லிட்டருக்கு அந்த அரைக் குதிரை தனியாக ஜவாப்தாரியாகிறது. ஆனால் மழை விட்டு, வெயில் எட்டிப் பார்த்து, மொட்டை மாடியில் வடாம் காயப் போட்ட பிறகும் மோட்டார் ஓயாமல் ஓடுவதற்கு இவர்களிடம் சமாதானம் இல்லை. தெருவில் நிற்பதும் குழியில் நிற்பதும் ஏகஜலமே, இடையிலுள்ள வாசற்கதவு வெறும் மாயை என்று சாதிக்கும் அத்வைதிகளின் குரல் அப்போதுதான் ஓங்குகிறது.

இவ்விரு கட்சியையும் சாராமல், ஆப்தவாக்கியத்தையே பிரமாணமாகக் கொள்வோர் பிளம்பரை அழைக்கின்றனர். அவர் குழியை எட்டிப் பார்ப்பதற்கு முன்பே, “மோட்டார் போச்சு சார், காயில் கட்டணும்” என்று சித்தாந்தத்தை அருளிவிடுவார். மோட்டார் ஹும் என்று முனகிச் சுழலாமல் நின்றால் கண்டென்சர் போயிருக்கலாம், அல்லது உள்ளே சுழலும் இம்பெல்லரைப் பிளாஸ்டிக் பையொன்று கட்டிப் பிடித்திருக்கலாம் என்று சப்தத்தைக் கொண்டே அனுமானிக்க இடமிருக்க, அவர் அனுமானத்தை மதிப்பதில்லை. (பிளக்கைப் பிடுங்காமல் குழிக்குள் கையை விட்டு உண்மையை ஆராய்வது எந்தத் தரிசனத்துக்கும் உடன்பாடன்று.)

உண்மையில் மோட்டாருக்கு யாதொரு வியாதியும் இல்லாமலே நீர் திரும்புவது உண்டு. 4 சென்டிமீட்டர் உள்விட்டமுள்ள டெலிவரி குழாய் 10 மீட்டர் நீளத்துக்குச் சுவரேறிப் போகிறதென்றால், அதன் வயிற்றில் எந்நேரமும் பன்னிரண்டரை லிட்டர் நீர் இருக்கும். மோட்டார் நின்ற கணமே, தடுப்பாரில்லாத அந்நீர் வந்த வழியே குழிக்குள் விழுகிறது. குழி 50 சென்டிமீட்டர் சதுரமானால் நீர்மட்டம் 5 சென்டிமீட்டர் உயரும். ஃப்ளோட் சுவிட்சின் ஏற்ற இறக்கமும் அவ்வளவே என்று வைத்துக்கொள்ளுங்கள், மிதவை எழும்புகிறது, மோட்டார் ஓடுகிறது, நிற்கிறது, மறுபடி நீர் விழுகிறது. பிறவிச் சுழல் என்று பெரியோர் சொன்னதை மின்கட்டண ரசீதின் வாயிலாக அனுபவிக்கும் பாக்கியம் இவ்வாறு கிட்டுகிறது. குழாயில் ஒரு நான்-ரிட்டர்ன் வால்வு மாட்டுவதும், குழியைச் சற்று அகலமாக வெட்டுவதும் இதற்கு மோட்ச சாதனங்கள்.

வால்வு மாட்டியும் நீர் திரும்பினால் அத்வைத பட்சத்தைப் பரிசோதித்தே ஆகவேண்டும். அதற்கு வேதாந்தம் வேண்டியதில்லை, சொட்டு நீலம் போதும். குழாய் நீர் தெருவில் விழும் இடத்தில் இரண்டு மூடி நீலத்தை ஊற்றிவிட்டு, வடிகுழியருகே ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்தால், சிறிது பொழுதில் குழி நீலகண்டனாவதைப் பிரத்தியட்சமாகக் காணலாம். காரணம் தேட வெகுதூரம் போகவேண்டாம். பழைய தளத்தைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே தார்த் தளம் போட்டுப் போட்டுத் தெருக்கள் வளர்ந்துவிட்டன. இரண்டு படி ஏறி நுழைந்த வீடுகளுக்குள் இன்று இரண்டு படி இறங்கவேண்டியிருக்கிறது. பள்ளத்திலிருந்து மேட்டுக்கு இறைத்த நீர் மேட்டிலேயே நிற்கும் என்று எதிர்பார்ப்பது, மோட்டாரின் திறமையை மட்டுமன்றி நீரின் சுபாவத்தையும் நாம் அறியவில்லை என்பதையே காட்டும். குழாயின் வாயைத் தெருச்சரிவின் கீழ்ப்பக்கத்துக்கு நீட்டுவதும், வாசலில் ஒரு வரம்பு எழுப்புவதும் அன்றி இதற்கு வேறு கதியில்லை.

நீலம் தலைகாட்டாமலே குழி நிறையுமாயின், நீர் நிலத்தடியிலிருந்து ஊறுகிறது என்று கொள்க. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கு அண்டை அயலாய் வாசம் செய்வோருக்கு இது புதிதன்று. ஏரியும் சதுப்புமாக இருந்த பூமி மாரிக்காலத்தில் பூர்வாசிரமத்தை நினைத்துக்கொள்கிறது. இச்சமயத்தில் குடிநீர்ச் சம்ப்பையும் கழுவிவிடலாமே என்று அதை முழுக்க வற்றவைக்கும் உற்சாகிகள், வெற்றுத் தொட்டியை நிலத்தடி நீர் கீழிருந்து உந்தி மேலே கிளப்பிவிடக்கூடும் என்பதைத் தெரிந்துகொள்வது நலம்.

எஞ்சி நிற்பது எதிர்வீட்டு விவகாரம். குழாயை எந்தச் சரிவுக்கு நீட்டினோமோ அந்தச் சரிவில் அவர் வீட்டு வாசல் இருக்கிறது. அவருக்கும் ஒரு வடிகுழி உண்டு, அவர் குழாயின் வாய் நம் வாசலை நோக்கியிருக்கிறது. இரு மோட்டார்களும் சமபலமுள்ளவையாக இருந்தவரை, ஒரே நீரை இருவரும் மாறி மாறி உபசரித்துத் திருப்பி அனுப்பும் மரியாதை ஒருவாறு நிலவிற்று. இருவர் குழாயையும் ஒன்றாக இணைத்துத் தெருமுனை மழைநீர் வடிகால் வரை கொண்டுபோய்விடலாம் என்ற யோசனையில் கருத்து வேற்றுமை ஏதும் எழவில்லை. குழாய்ச் செலவை வீட்டுக் கணக்கில் பங்கிடுவதா, நீர்க் கணக்கில் பங்கிடுவதா என்பதில்தான் குடியிருப்போர் சங்கம் இரண்டுபட்டு நிற்கிறது. தீர்ப்பு வருவதற்குள் எதிர்வீட்டார் ஒரு குதிரைத்திறன் மோட்டார் வாங்கி இறக்கிவிட்டார்.