மாப்ளே, மேயர் ஆகறதுக்கு முன்னாடி ஒரு முங்கு

மாப்ளே, நீ மேயர் ஆகப் போறேன்னு அக்கா சொல்லிச்சு. சந்தோஷம். ஏதோ ஏசி ஓட்டல்ல கூட்டம் போட்டு, ‘பருவநிலை மாற்றத்தை இனிமே நகர மேயருங்கதான் தடுக்கணும்’னு படம் போட்டுக் காட்டினாங்களாம். அன்னையிலேர்ந்து பாரிசு மேயரம்மா புராணம் தாங்கலன்னு அக்கா புலம்புது. பாகூர்ல நெல்லு போட்டே காலத்தை ஓட்டின மாமன்கிட்ட யோசனை கேக்க வந்துட்ட. கேளு, காசு வேணாம்.

நீ நல்ல ஊருலதான் பொறந்திருக்க. உலகத்துலயே துளி புகை விடாத மேயரு நம்ம புதுச்சேரி மேயருதான். அவரு காரு ஓடாது, ரூம்ல ஏசி ஓடாது, நகரமன்றக் கூட்டம் முடிஞ்சு ஒரு டீ கப்பு கூட குப்பைக்குப் போகாது. ஆளு இருந்தாத்தானே! 1973 நகராட்சிச் சட்டம் வந்தப்பவே மேயருங்கற பேரு போயி சேர்மன்னு ஆச்சு. 1968-ல ஒரு தேர்தல். அப்புறம் முப்பத்தெட்டு வருஷம் தூங்கி 2006-ல இன்னொண்ணு. 2011-ல அவங்க காலமும் முடிஞ்சுது. நடுவுல 2021-ல தேதியெல்லாம் குறிச்சாங்க. வார்டு ஒதுக்கீட்டுத் தகராறு கோர்ட்டுக்குப் போயி அதுவும் படுத்துக்கிச்சு. அஞ்சு வருஷத்துக்கு ஒருக்கா உள்ளாட்சித் தேர்தல் வச்சே ஆகணும்னு 1992-ல அரசியல் சட்டத்தையே திருத்தினாங்க. அந்தத் தபாலு திண்டிவனத்தோட நின்னுபோச்சு போலிருக்கு.

ஆனா மேயருக்கு வீடு மட்டும் ஜோரா இருக்கு. பீச் ரோட்டுல பிரெஞ்சுக்காரன் 1870 வாக்குல கட்டின ‘மேரி’ங்கற நகரமன்றக் கட்டடம், 2014 நவம்பர் 29-ஆம் தேதி அடை மழையில பொத்துனு உக்காந்துடுச்சு. விடுவமா? கடலோரப் பேரிடர்த் தணிப்புத் திட்டம்னு உலக வங்கிக் காசை வாங்கி, பழைய அச்சு மாறாம மறுபடி கட்டி, 2021 பிப்ரவரியில பிரதமரே தொறந்து வச்சாரு. பருவநிலைக்கு நம்ம ஊரு செஞ்ச ஏற்பாட்டைப் பாத்தியா? மழையில விழுந்த கட்டடத்தைத் தூக்கி நிறுத்தியாச்சு. அதுக்குள்ள உக்கார வேண்டிய ஆளைத்தான் இன்னும் நிறுத்தல.

கட்டடம் விழுந்து சரியா பத்து வருஷம் ஒரு நாள் கழிச்சு, 2024 நவம்பர் 30-ல ஃபெஞ்சல் வந்துச்சு. கரை ஏறின புயலு, மாமியார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளையாட்டம் கெளம்பவே மாட்டேன்னு உக்காந்துக்கிச்சு. ஒரே நாள்ல 48 சென்டிமீட்டர் மழை. ரெயின்போ நகரு, கிருஷ்ணா நகரு பக்கமெல்லாம் வீட்டுக்குள்ள தண்ணி. படகு எடுத்துக்கிட்டு பட்டாளம் வந்து ஜனங்களைத் தூக்கிச்சு. முதலமைச்சர் வந்தாரு, கவர்னர் வந்தாரு, கலெக்டர் வந்தாரு, எம்எல்ஏ வந்தாரு. வராதது ஒரே ஒரு ஆளு: வார்டு கவுன்சிலரு. எந்தத் தெரு சைடு வாய்க்கால் மேல எவன் படிக்கட்டு கட்டியிருக்கான், எந்தச் சந்துல பரோட்டா பார்சல் கவரும் இளநீர் கூடும் போயி அடைச்சுக்கிட்டு நிக்குதுன்னு தெரிஞ்சவன் அவன்தான். அவனைத்தான் நாம 2011-லேர்ந்து வேலைக்கே எடுக்கலியே.

உன் பாரிசு அம்மாவுக்கு வரேன். ஆன் இதால்கோ 2014-ல மேயரானாங்க. சேன் ஆத்தங்கரை ரோட்டுல 2016-ல காரை நிறுத்தி, ஜனங்களை நடக்க விட்டாங்க. நூறு வருஷமா குளிக்கக் கூடாதுன்னு வச்சிருந்த ஆத்துல, 2024 ஜூலையில தானே குதிச்சு நீந்திக் காட்டினாங்க. மெச்ச வேண்டியதுதான். நாமளும் சாயங்காலம் ஆனா பீச் ரோட்டுல வண்டிய நிறுத்திடறோம், அதுல பாரிசுக்கு அண்ணன். மிச்சத்தையும் செஞ்சுடுவோம். நீ வேட்பு மனு போடற அன்னைக்கு நம்ம பெரிய வாய்க்கால்ல ஒரு முங்கு முங்கி எழுந்து வா. ஜிப்மர் ஆஸ்பத்திரிக்கு நான் சொல்லி வைக்கிறேன்.

இதுல ஒரு கூத்து கவனிச்சியா? நம்ம தெருவுல, பிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்து பென்ஷன் வாங்கற சொல்தா தாத்தாவுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை. 2022-ல மக்ரோனா, லெ பென்னான்னு இங்க உக்காந்துக்கிட்டே ஓட்டுப் போட்டுட்டு வந்தாரு. எட்டாயிரம் கிலோமீட்டருக்கு அந்தாண்ட இருக்கற அரண்மனைக்கு யாரு போகணும்னு புதுச்சேரியில தீர்மானிக்கலாம். ஒம்போது மணிக்குக் குப்பை வண்டி வரலன்னா யாரைக் கேக்கறதுன்னு தீர்மானிக்க முடியாது.

ஒரு காலத்துல நம்மாளுங்களும் லேசுப்பட்டவங்க இல்ல. 1954 அக்டோபர் 18-ல கீழூர்ல கூடின 178 பேர் யாருன்னு நெனச்ச? பிரதிநிதி சபைக்காரங்களும் இந்த நகரசபை, கொம்யூன் ஆளுங்களும்தான். அதுல 170 பேர் ஆதரவா ஓட்டுப் போட்டுத்தான் ஊரே இந்தியாவோட சேந்துச்சு. எந்த நாட்டுல இருக்கறதுன்னு முடிவு பண்ணினவங்களோட பேரப்பிள்ளைங்களுக்கு, வாய்க்கா எப்போ தூர்வாரணும்னு முடிவு பண்ண ஒரு மன்றம் இல்ல.

சென்னையைப் பாரு. அங்கயும் 2016-லேர்ந்து 2022 வரைக்கும் நாற்காலி காலிதான். பிரியா ராஜன் மேயரா வந்தாங்க. 2023 ஜூன்ல, 2050-க்குள்ள கரியைப் பூஜ்யமாக்கறதுக்குத் திட்டம்னு ஒரு புத்தகமும் வந்துச்சு. புத்தகம் தண்ணிய உறிஞ்சாதுதான், ஆறு மாசத்துலயே மிக்ஜாம் புயலு வந்து காட்டிட்டுப் போச்சு. ஆனா ‘நீ எழுதினியே, எங்க?’ன்னு சட்டையைப் புடிக்க ஒரு ஆளு கிடைச்சாங்க. எனக்கு அது போதும்.

நீ ஜெயிச்சாலும் ரொம்பத் துள்ளாதே. குடிதண்ணி பொதுப்பணித் துறை கையில. கரண்டு மின்துறை கையில. வீடு கட்ட பிளானு நகரத் திட்டக் குழுமத்துக்கிட்ட. கடற்கரை? அது பெரிய கதை. 1989-ல துறைமுகத்துக்குக் கடலுக்குள்ள கல்லு போட்டாங்க. தெக்கேலேர்ந்து வடக்கே நகர்ற மணலை அது மறிச்சுது. வடக்கால பீச்சு கரைஞ்சுது. ரோட்டைக் காப்பாத்தப் பாறாங்கல்லைக் கொட்டினாங்க. அலை அதுக்கும் வடக்கே போயி வைத்திக்குப்பத்தைத் தின்னுட்டு, எல்லை தாண்டித் தமிழ்நாட்டுல கோட்டக்குப்பம், பொம்மையார்பாளையம்னு பந்தி போட்டுச்சு. அப்புறம் 2018 வாக்குல மத்திய அரசு நிறுவனம் ஒண்ணு தலைமைச் செயலகத்துக்கு எதுக்கால தண்ணிக்குள்ள இரும்புத் திட்டு இறக்கி, கொஞ்சம் மணலைத் திருப்பிக் கொண்டாந்துச்சு. அது நல்ல வேலை, குறை சொல்ல மாட்டேன். ஆனா கல்லு போட்டப்பவும் சரி, இரும்பு போட்டப்பவும் சரி, குப்பத்து ஜனங்க ஓட்டுப் போட்டு அனுப்பின நகரமன்றம்னு ஒண்ணு இங்க இல்ல.

அதனால மாப்ளே, போஸ்டர் காசை இப்பவே செலவு பண்ணாதே. சட்டமன்றத்துக்கு, பார்லிமெண்ட்டுக்குன்னு எந்தக் கட்சிக்காரன் வாசப்படி ஏறினாலும் தண்ணி குடுத்து உக்கார வை. பருவநிலை, பாரிசு எல்லாம் அவன்கிட்ட பேச வேணாம். நகராட்சித் தேர்தல் எந்த மாசம்னு மட்டும் கேளு. தேதி சொல்லாம எழுந்திருக்க விடாதே.