தலையாட்டினால் சம்மதமா?

கேள்வி: ஜகார்த்தாவில் துணிக்கடை வைத்திருக்கிறேன். உள்ளூர்ப் பையன்கள் எதற்கும் சிரித்துக்கொண்டே தலையாட்டுகிறார்கள், வேலை மட்டும் நடப்பதில்லை. போதாததற்கு ரம்ஜானுக்கு ஒரு மாதச் சம்பளம் கூடுதலாகக் கேட்கிறார்கள். என்ன செய்ய?

பதில்: முதலில் அந்தப் பணத்தைக் கொடுத்துவிடுங்கள். அது நீங்கள் மனசு வைத்துத் தரும் இனாம் அல்ல, இந்தோனேசியச் சட்டம். ஓராண்டு வேலை பார்த்தவருக்கு ஒரு மாதச் சம்பளம். அதற்குக் குறைந்தால் மாதக் கணக்கில் பங்கு. பெருநாளுக்கு 7 நாள் முன்பே கைக்குப் போய்ச் சேர வேண்டும். ஊருக்கு டிக்கெட், அம்மாவுக்குப் புதுத்துணி எல்லாம் அதில்தான். 'மூடிக்' என்று கோடிக்கணக்கானோர் கிளம்பும் அந்தப் பயணம், தீபாவளிக்கு நாம் பஸ் பிடிக்க முண்டியடிக்கிறோமே, அதேதான்.

அடுத்து தலையாட்டல். முதலாளி முகத்துக்கு நேரே 'முடியாது' என்று சொல்ல அங்கே பலருக்கு நாக்கு எழாது. 'பெலும்' என்பார்கள், 'இன்னும் இல்லை' என்று பொருள். அறுபது வயது பிரம்மச்சாரியிடம் 'கல்யாணம் ஆச்சா?' என்று கேட்டாலும் 'பெலும்'தான்! அதனால் 'சரக்கு வந்துதா?' என்று கேட்காதீர்கள். 'எத்தனை கட்டு வந்தது, எந்த அலமாரியில் அடுக்கினீர்கள்?' என்று கேளுங்கள். அதற்குத் தலையாட்டிப் பதில் சொல்ல முடியாது.

கோபம் வந்தாலும் வாடிக்கையாளர் எதிரில் கத்திவிடாதீர்கள். அந்த அவமானம் ஆறாது; மறுநாள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடவும் கூடும். பின்னறைக்குக் கூப்பிட்டு, 'மாஸ்' என்று அழைத்து மெதுவாகப் பேசுங்கள். ஜாவாக்காரர்களுக்கு அது நம் 'தம்பி'யும் 'அண்ணே'யும் சேர்ந்த சொல்.