கருத்துச் சொல்லப் போறியா, தம்பி?

இன்னா தம்பி, மலையேறிப் புதூர்நாடு வந்தும் அந்தப் போனையே நோண்டிகினு கீற? கட்டட விதிக்குக் கருத்துச் சொல்லணுமா? சென்னைப் பட்டணத்துக்கு 2026-லேர்ந்து 2046 வரைக்கும் மூணாவது மாஸ்டர் பிளானாமே. சனங்ககிட்ட யோசனை கேக்கறாங்களாமே. கேக்கட்டும். 1971-ம் வருசத்து நகரமைப்புச் சட்டத்துலயே ஆட்சேபணை, யோசனை கேக்கணும்னுதான் எழுதி வச்சிருக்கு.

இனிமே கட்டப்போற வூட்டுக்கு யாரும் யோசனை சொல்லிடலாம். கட்டி, குடியேறி, பேரன் பேத்தி எடுத்தாச்சே, அந்த வூட்டுக்கு இன்னா சொல்லுவ? அங்கதான் சிக்கு.

அந்தச் சிக்க அவுக்கப் பட்டணத்துல ஒரு வழி கண்டுபிடிச்சாங்க பாரு. தேதி போடறது! 1999 பிப்ரவரி 28-க்குள்ள அனுமதி இல்லாமக் கட்டுனியா? பணத்தக் கட்டு, போ. அது ஆறிப்போச்சு. 2012-ல அதே நகரமைப்புச் சட்டத்துல 113-சின்னு ஒரு பிரிவக் கொண்டாந்தாங்க. 2007 ஜூலை 1-க்குள்ள கட்டுனியா? வா, நீயும் வந்து வரிசையில நில்லு. ஜூன் மாசம் முடிச்ச மாடி நல்ல மாடி, ஆகஸ்டுல முடிச்ச மாடி கெட்ட மாடியா? அது போவட்டும். பக்கத்து வூட்டுக்குக் காத்தும் வெளிச்சமும் வுட்டு, ஒழுங்காக் கட்டுனான் பாரு ஒருத்தன், அவனுக்கு ஒரு டீயாவது வாங்கிக் குடுத்தாங்களா? ஊரே சிரிச்சிருக்கும் அவனப் பாத்து.

பழைய வூட்டையும் தொட்ட விதின்னா 2003-ல வந்துச்சு, மழைத்தண்ணி சேகரிப்பு. பழசு புதுசு பாக்கல. எல்லாக் கட்டடத்துக்கும் ஆகஸ்டு 31 கெடு. நான் மெச்சுன விதி அது. ஆனா நம்மாளு லேசுப்பட்டவனா? கெடு நெருங்கச் சொல்ல ஓடிப்போய் பைப்பு வாங்கியாந்தான். சில வூட்டுல அந்தப் பைப்பு மாடியிலேர்ந்து இறங்கி, தரையில வாயப் பொளந்துகினு நின்னுச்சு. கீழ குழி இல்ல. கூழாங்கல்லு இல்ல, மணலு இல்ல. பாக்க வர்ற ஆபீசரு கண்ணுக்குப் பைப்பு தெரிஞ்சாப் போதுமாம். பெய்யற மழைக்குத் தெரிய வேணாமா?

காயிதம் இருந்தா கட்டடம் நிக்கும்னு நெனைக்காத. 2014 ஜூன் 28, மௌலிவாக்கத்துல 11 மாடி சரிஞ்சு 61 உசுரு போச்சு. அனுமதி வாங்கிக் கட்டிகினு இருந்த புதுக் கட்டடம்தான் அது.

அதுக்காகப் புல்லுக் கூரையே ஒசத்தின்னு கெழவன் கத வுடறேன்னு நெனைக்காத. கும்பகோணத்துப் பள்ளிக்கூடத்துல 2004-ல கீத்துக் கூரை தீப்பிடிச்சு 94 புள்ளைங்க போச்சே. அதுக்கப்புறம்தான் பள்ளிக்கூடத்துக் கீத்தைப் பிரிக்கச் சொன்னாங்க. நம்ம ஊர்ல விதி எப்பவும் பாடைக்குப் பின்னாடிதான் நடந்து வரும்.

எங்க மலையில மண்ணு சுவரு வச்ச வூடு இன்னும் கீது. மழைக்கு முன்னாடி கூரையப் பாப்போம், மக்குன புல்ல மாத்துவோம், சுவத்துல வெடிப்பு வுட்டா மண்ணு கொழைச்சு அப்புவோம். எந்த நோட்டீசும் வரல. ஒழுவுனா நனையறது நாமதானே? உங்க மாடி வூட்டுல இன்னா செய்யறீங்க? கம்பி துருப்பிடிச்சு சிமிட்டி பேந்து விழுது. பொங்கலுக்கு அது மேலயே ரோசு கலரு அடிக்கறீங்க. இங்கயும் இப்ப காங்கிரீட் வந்துடுச்சு, சும்மா சொல்லக்கூடாது. மேல நாலு கம்பிய நீட்டி வுட்டிருக்கான். கேட்டா, அடுத்த மாடிக்காம். மாடிக்கு முன்னாடி துரு வந்து குடியேறிடுச்சு.

சரி, கருத்து எழுது. கட்டுன தேதியப் பாக்காதீங்க, தூணப் பாருங்கன்னு எழுது. அஞ்சாறு வருசத்துக்கு ஒரு தரம் இன்ஜினியரு நேருல வந்து பாக்கணும்னு எழுது. ரிப்பேரு செய்ய வக்கில்லாத கெழவிக்கு அபராதம் போடாம ஒத்தாசை பண்ணுங்கன்னு எழுது. வாடகைக்குக் கீறவனையும் கேளுங்கன்னு சேத்துக்கோ, கூரை அவன் தலைமேலதானே கீது? தமிழ்லயே எழுது, எங்களுக்கும் புரியட்டும்.

அதுக்கு முன்னாடி ஒரு வேலை. ஊருக்குப் போனதும் உங்க வூட்டு மொட்டை மாடியில ஏறு. 2003-ல உங்கப்பன் வச்ச பைப்பு எங்க போய் முடியுதுன்னு பாத்துட்டு அப்புறமா எழுது.