கடவுளுக்கே இரண்டு நடை

2010-இல் வந்த ‘எந்திரன்’ படத்தில் சிட்டி ரோபோ, தன்னைத் தன் உருவிலேயே செய்த வசீகரனின் கல்யாணத்திலிருந்தே மணப்பெண்ணைத் தூக்கிக்கொண்டு போகிறது. 2024-இல் வந்த ‘தேரி பாத்தோன் மே ஐசா உல்ஜா ஜியா’ என்ற இந்திப் படத்திலோ, மாப்பிள்ளை ரோபோப் பெண்ணையே மணமேடை வரை அழைத்து வந்துவிடுகிறார்.

“அது சரி தம்பி, ரோபோவுக்கு மாமியாரை எங்கேருந்து கொண்டாருவாங்க?” என்றார் திருவாரூர் கமலாலயக் குளக்கரை டீக்கடையில் ஒரு பெரியவர், பாய்லர் ஆவிக்கு நடுவே.

திருவாரூர்க்காரர் வியக்க இதில் என்ன இருக்கிறது? ஆள்மாறாட்டம் இங்கே 12-ஆம் நூற்றாண்டிலேயே சேக்கிழார் எழுதிவைத்த சரக்கு. சுந்தரர் திருவொற்றியூரில் சங்கிலியாரை மணந்துகொண்டு திருவாரூர் திரும்ப, மூத்த மனைவி பரவையார் வீட்டில் ஊடல். சமாதானம் பேச நள்ளிரவில் தூது வந்தவர் சாட்சாத் சிவபெருமான். உருவம் மட்டும் கோயில் அர்ச்சகருடையது. அச்சு அசல், சார்ஜர்கூடத் தேவையில்லை. பரவையார் மசியவில்லை, திருப்பி அனுப்பிவிட்டார். கணங்கள் சூழ, சொந்த ரூபத்தில் மறுபடி வந்த பிறகுதான் காரியம் முடிந்தது.

ஆகவே டெல்டா மாப்பிள்ளைகளே, வீட்டுச் சண்டையில் டூப்ளிகேட் எடுபடாது. நேரில் போங்கள், பேட்டரிக் காசாவது மிஞ்சும்.