கணக்குப்பிள்ளை

நவராத்திரிக்கு எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் கொலுவில் பொம்மைகளைப் பார்த்தார்கள். கணக்குப்பிள்ளை மட்டும் படிகளைப் பார்த்தான்.

“அங்கிள், ஏழு படி இருக்கு. ஒரு தடவைக்கு ஒரு படியோ ரெண்டு படியோதான் ஏறலாம்னா, உச்சிக்குப் போக எத்தனை வழி?”

சுண்டல் கிண்ணமும் கையுமாக நின்ற நான், “சாமி படியில எல்லாம் ஏறக் கூடாதுப்பா” என்றேன்.

“இருபத்தொண்ணு” என்று சொல்லிவிட்டுச் சுண்டலை வாங்கிக்கொண்டு போய்விட்டான். எனக்கு விடை தெரியவில்லையே என்ற இளக்காரம் அவன் முகத்தில் இல்லை. வயிற்றுக்குள் இருந்த விடை வெளியே வந்துவிட்ட நிம்மதி மட்டும்தான் இருந்தது.

ஊரில் கணக்குப்பிள்ளை என்றால் மண்டியில் சாய்வு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து பேரேடு எழுதுகிறவர். நியூஜெர்சியின் எடிசனில் அவருக்கு வயது பதின்மூன்று. எட்டாம் வகுப்பு. மேத்கவுன்ட்ஸ் போட்டியில் கொடுத்த டி-ஷர்ட் கிழிகிறவரை அதுதான் உடுப்பு. ஷூ லேஸ் எப்போதும் அவிழ்ந்தே இருக்கும். தெருவுக்கு ஒருவன் உண்டு. கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட்டிலும் டெக்சஸின் பிளேனோவிலும் இவனுடைய நகல்கள் உண்டென்று உறவினர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். பெண் நகல்களும் உண்டு. அவர்கள் இவனைவிட வேகம்; ஷூ லேஸும் கட்டியிருக்கும்.

இவனுக்குக் கணக்கு வரும் என்று சொல்வது போதாது. கணக்கு வராதபோதுதான் இவன் யார் என்று தெரியும். மூன்று நாளாக ஒரு கணக்கு மசியவில்லை என்றால் நமக்கெல்லாம் முகம் வாடும். இவன் முகத்தில், மாவடு ஜாடியை எங்கோ ஒளித்து வைத்திருப்பவனின் களை வந்துவிடும். சாப்பிடும்போது திடீரென்று சிரிப்பான். அம்மா பயந்துபோய்ப் பாட்டியைப் பார்ப்பாள். பாட்டி மிளகாயும் உப்பும் எடுக்க எழுந்திருப்பாள்.

அப்படிப்பட்டவன் காதில் யாரோ ஒரு செய்தியைப் போட்டார்கள். நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் எக்சிட்டர் என்று ஓர் ஊர், அங்கே ஒரு விடுதிப் பள்ளி. கணக்குக்குப் பாடப் புத்தகமே கிடையாது. ஆசிரியர்களே தயாரித்த கணக்குக் கட்டு ஒன்றைக் கையில் கொடுத்துவிடுவார்கள். இரவு போட்டுப் பார்த்துவிட்டு வந்து, காலையில் பிள்ளைகளே பலகையில் எழுதி ஒருவரோடு ஒருவர் மல்லுக்கு நிற்க வேண்டும். இவன் அன்று தூங்கவில்லை.

இதே பள்ளியைப் பற்றி அப்பா கேள்விப்பட்டது வேறு: மார்க் ஸக்கர்பெர்க் அங்கே படித்தவர். அம்மா கேள்விப்பட்டது: அங்கே குளிர் எடிசனைவிட அதிகம். ஆறு மாத விசாவில் கும்பகோணத்திலிருந்து வந்திருந்த பாட்டி காதில் விழுந்தது ஒரே ஒரு சொல்.

“ஹாஸ்டலா? பதிமூணு வயசுப் பிள்ளைய ஹாஸ்டல்ல விடறதுக்கா இவ்வளவு தூரம் வந்தீங்க?”

பாட்டி சொன்னதில் நியாயம் உண்டு. நம் தலைமுறையில் ஹாஸ்டல் என்பது மிரட்டல். “ஒழுங்கா படிக்கலேன்னா கொண்டுபோய் ஹாஸ்டல்ல தள்ளிடுவேன்” என்று சொன்னால் அடுத்த நிமிடம் புத்தகம் திறக்கும். இங்கே ஒழுங்காகப் படித்தவனை, ஆண்டுக்கு அறுபதாயிரம் டாலருக்கு மேல் கட்டணம் உள்ள ஹாஸ்டலில் சேர்த்துக்கொள்ளும்படி நாம் மனுப் போட வேண்டியிருக்கிறது.

மனு என்றால் ஒன்றல்ல, நாலு. எக்சிட்டருக்குப் போட்டால் மாசசூசெட்ஸில் உள்ள ஆண்டோவருக்கும் போட வேண்டும் என்பது எழுதாத விதி. ஆண்டோவரை 1778இல் தொடங்கியவர் சாமுவேல் பிலிப்ஸ். மூன்றே ஆண்டுகளில், 1781இல், எக்சிட்டரைத் தொடங்கியவர் ஜான் பிலிப்ஸ், அவருடைய சித்தப்பா. கேட்டதும் பாட்டிக்கு எல்லாம் புரிந்துவிட்டது. “பங்காளிச் சண்டையா!” என்றாள். அது சண்டை இல்லை, முதல் பள்ளிக்கும் சித்தப்பா பணம் கொடுத்தவர்தான் என்று நான் விளக்கியது எடுபடவில்லை. இரண்டு பள்ளிகளின் குறிக்கோளும் ஒன்றே: ‘தனக்காக அல்ல’ என்று பொருள்படும் லத்தீன் சொற்கள். அப்பா அதைப் படித்துவிட்டு, “அப்ப கட்டணம் யாருக்காக?” என்றார். தேவையைப் பார்த்து உதவித்தொகை உண்டு. குடும்பத்தின் பணத்தைப் பார்க்காமலே ஆளைத் தேர்ந்தெடுக்கும் முறை ஆண்டோவரில் 2007 முதலும் எக்சிட்டரில் 2021 முதலும் நடப்பில் இருக்கிறது. ஆனால் அப்பாவின் வருமானம் ஏழ்மைக்கு மேலே, நிம்மதிக்குக் கீழே.

முதல் தடை எஸ்.எஸ்.ஏ.டி. என்ற தேர்வு. கணக்குப் பகுதியைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. அது இவனுக்குப் பல் துலக்குவது மாதிரி. ஆங்கிலச் சொல் பகுதியில்தான் கதை. அறுபது கேள்வி, முப்பது நிமிடம். பாதி, ஒத்த பொருள் கண்டுபிடிப்பது. மீதி, ‘இதற்கு அது என்றால் அதற்கு எது’ என்கிற உறவுமுறைக் கேள்விகள். ஐந்து விடைகளில் ஒன்று சரி. தப்பாக எழுதினால் கால் மதிப்பெண் போகும். தெரியாத சொல் ஒன்று வந்ததும் நம் பிள்ளை அந்தச் சொல்லை விட்டுவிட்டு விதியைப் பிடித்துக்கொண்டான். கண்ணை மூடிக்கொண்டு குறித்தால் சராசரியில் லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. ஒரு விடையை மட்டும் நிச்சயமாகத் தள்ள முடிந்தால் கேள்விக்குப் பதினாறில் ஒரு மதிப்பெண் லாபம். இரண்டைத் தள்ளினால் ஆறில் ஒன்று. எவ்வளவு அழகு! பொது வாய்பாடே கண்டுபிடித்துவிட்டான். நான்கு நிமிடம் ஆயிற்று. எட்டுக் கேள்விகள் தொடாமலே போயின.

“எட்டு கேள்வி போச்சேடா” என்றாள் அம்மா.

“விட்ட கேள்விக்கு மைனஸ் இல்லம்மா.”

பள்ளிகள் கேட்பது அரை வட்டப் பிள்ளையை இல்லை, முழு வட்டப் பிள்ளையை. இசை, விளையாட்டு, சேவை, தலைமைப் பண்பு, எல்லாம் வேண்டும். அதற்காக மிருதங்க வகுப்பு. அங்கேயும் இவன் தன் புத்தியைக் காட்டாமல் இல்லை. ஆதி தாளம் இரண்டு ஆவர்த்தனத்துக்கு 64 மாத்திரை. எங்கே தொடங்கினால் கோர்வை சரியாக எடுப்பில் வந்து விழும் என்று தாளிலேயே கண்டுபிடித்து வாத்தியாரிடம் நீட்டினான். அவர் அசந்துபோனார். பிறகு வாசிக்கச் சொன்னார். கணக்கு சமத்துக்கு வந்தது; கை வரவில்லை.

விளையாட்டுக்கு ஸ்குவாஷ் மட்டை வாங்கினார்கள். பந்து சுவரில் பட்டுத் திரும்பும் கோணத்தை இவன் ரசித்து நிற்பதற்குள் பந்து போய்விடும். மேத்கவுன்ட்ஸில் கேள்விக்கு 45 நொடி, பஸ்ஸரை முந்தி அழுத்துகிறவன்தான் பேச முடியும். அதையே விளையாட்டு என்று விண்ணப்பத்தில் போடலாமே என்றான். அப்பா சம்மதிக்கவில்லை. எனக்கென்னவோ அதில் விரல் வலிமை தேவைப்படுவதால் போட்டிருக்கலாம் என்றே தோன்றியது.

இந்தக் கட்டத்தில் என்னைக் கூப்பிட்டார்கள். தமிழ்ச் சங்க மலருக்கு ஆண்டுக்கு ஒரு கட்டுரை எழுதுகிறவன் நான். ஆகவே பதின்மூன்று வயதுப் பையனின் ஆங்கிலக் கட்டுரையைத் திருத்தும் தகுதி எனக்கு இருப்பதாக அந்தக் குடும்பம் முடிவு செய்திருந்தது. கேள்வி, ‘உன்னைப் பற்றிச் சொல்.’ அதிகபட்சம் 250 சொல்.

முதல் வரைவில் ஒரே வாக்கியம்: எனக்குக் கணக்குப் பிடிக்கும்.

“இன்னும் கொஞ்சம் விரிவா...” என்றேன்.

“இதுல எது உங்களுக்குப் புரியல அங்கிள்?”

அப்பா ஒரு யோசனை சொன்னார்: ராமானுஜனில் தொடங்கு, டாக்ஸி நம்பர் 1729. பையன் தலையை ஆட்டினான். பெயர் ‘அன்’ என்று முடிகிற ஒவ்வொருவனும் அங்கேதான் தொடங்குவான், படிக்கிறவர்கள் அந்த டாக்ஸியில் இதுவரை ஆயிரம் தடவை ஏறி இறங்கியிருப்பார்கள் என்றான். ராமானுஜன் பெயர் காதில் பட்டதும் பாட்டி உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள்: “எங்க ஊர்க் காலேஜ்லதான் அவருக்கு ஸ்காலர்ஷிப்ப நிறுத்தினா. கணக்கத் தவிர வேற எதையும் படிக்கல்லேன்னு.” வீட்டில் சற்று நேரம் யாரும் பேசவில்லை.

கடைசியில் அவன் எழுதியது, பதினோரு நாளாகத் தீராமல் நிற்கும் ஒரு வடிவியல் கணக்கைப் பற்றி. பஸ்ஸில், பல் மருத்துவர் நாற்காலியில், மிருதங்க வகுப்பில் அது எப்படிக் கூடவே வருகிறது என்று எழுதியிருந்தான். படித்தபோது எனக்கே அந்தக் கணக்கின் மேல் பொறாமை வந்தது. கடைசி வரி: ‘இன்னும் தீரவில்லை; உங்களில் யாருக்காவது தெரிந்தால் சொல்ல வேண்டாம்.’ திருத்தப் போன நான் ஒரு சொல்லைச் சேர்க்கச் சொன்னேன். முடியாது என்றான். குறைக்கச் சொன்னேன். அதுவும் முடியாது. மொத்தம் 243 சொல். மூன்றின் ஐந்தாம் அடுக்கு.

இதைவிடக் கஷ்டம், பெற்றோர் எழுத வேண்டிய பக்கம். ‘உங்கள் பிள்ளையைப் பற்றி உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள்’ என்கிறார்கள். அலுவலகத்தில் ஆண்டுதோறும் எழுதும் மதிப்பீட்டு அறிக்கை போல அப்பா எழுதினார்: ‘குறித்த காலத்துக்கு முன்பே முடிப்பவர், குழுவோடு இணைந்து பணியாற்றுபவர்.’ அம்மா அதை அடித்துவிட்டு, ‘பால் வாங்கி வரச் சொன்னால் பாதி வழியில் நின்று யோசிப்பான். பாலோடுதான் வருவான், ஆனால் இருட்டிவிடும்’ என்று எழுதினாள். அனுப்பியது இரண்டாவதைத்தான். நல்ல வேளை.

நேர்காணலுக்காகக் காரில் வடக்கே போனார்கள். வழிக்குப் புளியோதரை, துணைக்கு நான். எக்சிட்டர் நூலகத்தைப் பார்த்ததும் அப்பா நின்றுவிட்டார். கட்டியவர் லூயி கான், அகமதாபாத் ஐ.ஐ.எம்.மை வடித்தவரும் அவரே. “நம்ம ஆளு” என்றார், அவர் ஏதோ மாயவரத்துக்காரர் மாதிரி. உள்ளே நடுக்கூடத்தின் கான்கிரீட் சுவர்களில் ஆள் உயரத்துக்கும் மேலே பெரிய பெரிய வட்டங்கள். பையன் கழுத்தை அண்ணாந்து ஒரு வட்டத்துக்கும் அதைச் சுற்றியுள்ள சதுரத்துக்கும் விகிதம் போட்டுக்கொண்டே பின்னால் நடந்து, யாரோ ஒரு மாணவி மேல் மோதினான். அவளும் அண்ணாந்துதான் நின்றிருந்தாள்.

நேர்காணல் நடந்தது வேறொரு பள்ளியில், பெயர் வேண்டாம். காரில் வரும்போது அவன் ஒப்பித்ததை வைத்துச் சொல்கிறேன்.

பொழுதுபோக்கு என்ன?

கணக்கு.

கணக்கைத் தவிர?

காம்பினடோரிக்ஸ். (அதுவும் கணக்கில் ஒரு பிரிவுதான்.)

தோல்வி கண்ட அனுபவம் ஒன்று சொல்.

ஏ.எம்.சி. எட்டு கணக்குப் போட்டி, பதினேழாவது கேள்வி. பலகை இருந்தால் காட்டுகிறேன்.

இறுதியாக, எங்களிடம் கேட்க ஏதாவது உண்டா? இதற்கு அப்பா ஒரு வாரம் பயிற்சி கொடுத்திருந்தார்: ‘இங்குள்ள சமூக உணர்வைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்று கேட்க வேண்டும். பையன் கேட்டது மேசையைப் பற்றி. இந்தப் பள்ளிகளின் பெருமையே அந்த மேசைதான். எட்வர்ட் ஹார்க்னஸ் என்ற செல்வர் 1930இல் எக்சிட்டருக்கு 58 லட்சம் டாலர் கொடுத்ததில் பிறந்தது. ஆசிரியரும் பன்னிரண்டு பேர் அளவில் மாணவர்களும் சுற்றி உட்கார்ந்து பேசியே படிப்பது. மற்ற பள்ளிகளும் பிறகு எடுத்துக்கொண்டன.

“அது நிஜமாவே நீள்வட்டமா, இல்ல, ஓரம் வளைச்ச செவ்வகமான்னு கேட்டேன். அவங்களுக்குத் தெரியல. நீள்வட்டம்னா ரெண்டு குவியம் இருக்கணும். ரெண்டு குண்டூசியும் ஒரு கயிறும் குடுத்தா இப்பவே பார்த்துடலாம்னு சொன்னேன்.”

“குடுத்தாங்களா?”

“டைம் ஆயிடுச்சுன்னாங்க.”

அப்பா அதன் பிறகு நியூஜெர்சி வரும்வரை ரேடியோவைப் போடவில்லை.

இந்தப் பள்ளிகள் பெரும்பாலானவை முடிவை ஒரே நாளில் சொல்கின்றன: மார்ச் 10. வளைகாப்புக்குக் கூடுவது போல எல்லோரும் கணினி முன் கூடினோம். மூன்று பள்ளிகள் மரியாதையாகக் கைவிரித்தன. நான்காவதில், வெயிட்லிஸ்ட்.

அப்பாவுக்குள் இருந்த இந்தியன் ரயில்வே விழித்துக்கொண்டது. “நம்பர் என்ன போட்டிருக்கான்? ஆர்.ஏ.சி. ஆகுமா?”

“நம்பர் எல்லாம் கிடையாதாம்ங்க” என்றாள் அம்மா, திரும்பத் திரும்பப் படித்துவிட்டு. “வரிசையே இல்லையாம்.”

“வரிசை இல்லேன்னா அது லிஸ்ட் இல்லம்மா” என்றான் பையன். “செட்.”

யாரும் சிரிக்கவில்லை. அம்மா அடுப்பைப் பார்க்கப் போனாள். அப்பா போனை எடுத்துக்கொண்டு, யாரையும் கூப்பிடாமல், வாசலில் நின்றார். என்ன சொல்லித் தேற்றுவது என்று தெரியாமல் நான் அவனைத் தேடிக்கொண்டு போனேன். அடுத்த வாரம் ஊருக்குப் புறப்படும் பாட்டி, கூடத்தில் பெட்டி கட்டுவதற்காக வைத்திருந்த பெரிய அட்டையைத் தரையில் விரித்து அதன் மேல் மண்டியிட்டிருந்தான். இரண்டு குண்டூசி, பாட்டியின் சணல் கயிற்றில் ஒரு வளையம், பென்சில்.

“அங்கிள், இதை ரெண்டையும் அழுத்திப் பிடிச்சுக்குங்க. நகரக் கூடாது.”

நானும் மண்டியிட்டேன். பென்சில் கயிற்றை இழுத்துக்கொண்டு மெல்லச் சுற்றி வந்தது. பாட்டி பின்னால் வந்து நின்றாள்.

“என்னடா இது?”

“மேசை, பாட்டி. பன்னெண்டு பேர் உக்காரலாம்.”

பாட்டி கொஞ்ச நேரம் பார்த்தாள். “நடுவுல சாம்பார் எட்டாதேடா” என்றாள்.

அவன் பென்சிலை நிறுத்திவிட்டு யோசிக்க ஆரம்பித்தான். நான் குண்டூசிகளை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன்.