சாமி இருக்கட்டும், கிஸ்தி எங்கே?

மத்தியகால ஸ்பெயினைப் பற்றிப் பேசுகிறவர்கள் இரண்டு கட்சி. ஒரு கட்சிக்கு அது கிறிஸ்தவர், முஸ்லிம், யூதர் மூவரும் கூடிக் கவிதை பாடிய பொற்காலம். மற்ற கட்சிக்கு அது ஓயாத மதப்போர். கப்பக் கணக்கைப் புரட்டினால் இருவருக்குமே சங்கடம். முஸ்லிம் சிற்றரசர்கள் கிறிஸ்தவ ராஜாக்களுக்குக் கப்பம் கட்டினார்கள்; கட்டியவரை சௌக்கியம். கிறிஸ்தவ மாவீரன் எல் சிட், ராஜா அவனை 1081-இல் துரத்தியதும் சரகோசாவின் முஸ்லிம் மன்னரிடம் சம்பளத்துக்குச் சேர்ந்தான். கிரனடாவின் முஸ்லிம் மன்னருக்குப் படை நடத்தியவர் சாமுவேல் என்ற யூதர்.

சேத்தூர்க்காரனுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. இதே கூத்து அவன் ஊர் இருக்கும் மேற்குமலை அடிவாரத்தில் எழுநூறு வருஷம் கழித்து நடந்தது. யூதருக்குத்தான் இங்கே வேஷம் இல்லை. அந்த இடத்தைப் பாளையக்காரர்கள் நிரப்பினார்கள்.

1755. ஆற்காட்டு நவாபு முகமது அலிக்கு மதுரை, திருநெல்வேலிச் சீமையிலிருந்து வரி வரவில்லை. வசூலுக்குக் கிளம்பிய கோஷ்டியைப் பாருங்கள்: தலைமை, கும்பினியின் கர்னல் ஹெரான், கிறிஸ்தவர். கூட நவாபின் அண்ணன் மாபூஸ்கான். சிப்பாய்களுக்குத் தலைவர் யூசுப்கான், அதாவது மருதநாயகம்; இந்துவாகப் பிறந்து முஸ்லிமானவர், மனைவி கிறிஸ்தவர். ஒரே வீட்டுக்குள் சர்வமத மாநாடு.

மதுரைப் பக்கம் நவாபுக்கு எதிரியான மியானா என்ற பட்டாணியத் தலைவர் ஓடி ஒளிந்த இடம் எது தெரியுமா? கோவில்குடி கோயில். முஸ்லிமைப் பிடிக்க, முஸ்லிம் நவாபுக்காக, கிறிஸ்தவ கர்னல் இந்துக் கோயில் கதவுக்குத் தீ வைத்தார். மியானா தப்பிவிட்டார். வெறுங்கையோடு போக மனமில்லாத கர்னல் உள்ளே இருந்த செப்பு விக்கிரகங்களை அள்ளி, ஐயாயிரம் ரூபாய் கொடுத்தால் திருப்பித் தருகிறேன் என்றார். யாரும் கொடுக்கவில்லை. சாமிகள் மூட்டைகட்டி திருநெல்வேலி வரை உலா போயின.

அடுத்து நெற்கட்டும்செவல். அந்த ஊர்ப் பாளையக்காரர் புலித்தேவரிடம் ஹெரான் இருபதாயிரம் ரூபாய் கேட்டார். வந்தவர்களிடம் பெரிய பீரங்கியும் இல்லை, சாப்பாட்டுக்கு வழியும் இல்லை என்று தேவருக்குத் தெரியும். ஒரு சல்லிகூடப் பெயரவில்லை. படை திரும்பியது. மே 29 அன்று நத்தம் கணவாயில் கள்ளர்கள் பாய்ந்து, மூட்டைகளைக் கிழித்து, விக்கிரகங்களைக் கண்டதும் 'சாமி! சாமி!' என்று கூவிக்கொண்டு தூக்கிப்போனார்கள். அந்தப் படையெடுப்பு முழுவதிலும் நியாயமான வசூல் அது ஒன்றுதான். ஹெரானைக் கும்பினி விசாரித்து வேலையை விட்டே நீக்கியது.

மாபூஸ்கான் கதை இன்னும் ருசி. இரண்டு சீமையையும் வருஷம் பதினைந்து லட்சத்துக்குக் குத்தகை எடுத்தவர் அவர். 1756 மார்ச்சில் திருநெல்வேலி அருகே புலித்தேவர் கூட்டணியைத் தோற்கடித்தார். அந்தக் கூட்டணியில் சேத்தூரும் உண்டு, முடேமியா என்ற பட்டாணியரும் உண்டு. முடேமியா அந்தச் சண்டையில் செத்தார். ஜெயித்த மாபூஸ்கான் கொஞ்ச நாளில் தம்பியோடு முறைத்துக்கொண்டு, தான் தோற்கடித்த புலித்தேவரோடேயே சேர்ந்துவிட்டார். நவாபின் அண்ணன், நெற்கட்டும்செவலில் தேவர் தயவில் காலம் தள்ளினார். யாருடைய மதமும் கெட்டுப்போகவில்லை.

யூசுப்கான் 1759-இல் புலித்தேவரின் வாசுதேவநல்லூர் மண்கோட்டையில் முட்டிப்பார்த்தார், முடியவில்லை. அப்போது அவருக்குத் துணை வந்தது திருவாங்கூர் ராஜாவின் படை. பத்மநாபசாமிக்கு நாட்டையே எழுதிவைத்த வம்சத்து ராஜா. 1761-இல் கோட்டைகள் விழுந்தன. இதே யூசுப்கான்தான் மீனாட்சி கோயிலுக்கு நின்றுபோன மானியத்தை மீட்டுக் கொடுத்தார். பக்தியா, சாமர்த்தியமா என்று கேட்டால், பூஜை நடக்கிற ஊரில் வரியும் ஒழுங்காக வரும் என்பதை அறிந்த சாமர்த்தியம் என்பேன்.

அவரும் ஒருநாள் நவாபை எதிர்த்து, மதுரைக் கோட்டையில் பிரெஞ்சுக் கொடியை ஏற்றினார். நவாபும் கும்பினியும் முற்றுகையிட்டும் கோட்டை விழவில்லை. உள்ளிருந்தே 1764 அக்டோபர் 13 அன்று, தொழுகை நேரம் பார்த்து அவரைக் கட்டிப்போட்டார்கள். சதி செய்தவர்கள்: திவான் சீனிவாசராவ், மருத்துவர் பாபா சாகிப், பிரெஞ்சுத் தளபதி மார்ஷான். இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர், மதத்துக்கு ஒருவர்! இட ஒதுக்கீடு வைத்து ஆள் பிடித்தாலும் இவ்வளவு கச்சிதமாக அமையாது. இரண்டே நாளில் தூக்கு. கயிறு இரண்டு தடவை அறுந்தது என்று ஊர் சொல்லும். மதுரை சம்மட்டிபுரத்தில் இன்றும் அவர் தர்கா இருக்கிறது.

சேத்தூருக்கு முறை 1767-இல் வந்தது. டொனால்டு கேம்பெல் என்ற கர்னல் கொல்லங்கொண்டானையும் சேத்தூரையும் பிடித்துவிட்டு, மறுபடி பாளையக்காரர் கைக்குப் போயிருந்த வாசுதேவநல்லூரில் போய் நின்றார். பீரங்கி ஓட்டை போடப் போட, உள்ளே இருந்தவர்கள் குண்டுமழைக்கு நடுவே வைக்கோலையும் பனையோலையையும் திணித்து அடைத்துக்கொண்டே இருந்தார்கள். கேம்பெலே வாய்விட்டுப் புகழ்ந்த தைரியம். கடைசியில் நல்ல மழை பெய்த ராத்திரியாகப் பார்த்து எல்லோரும் தப்பிவிட்டார்கள். கோட்டை கைக்கு வந்தது, கிஸ்தி கட்டத்தான் உள்ளே ஆளில்லை.