வண்டி செட் ஆகட்டும்!

மேற்குச் சென்னையில் புது மோட்டார் சைக்கிள் வாங்குகிறவன், வண்டியைப் பார்ப்பதற்கு முன்னால் தெருவைப் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் அம்பத்தூர் எஸ்டேட், 1960களிலிருந்து லேத் மெஷின் ஓடிக்கொண்டிருக்கிற இடம். இன்னொரு பக்கம் ஆவடி, 1965-இல் விஜயந்தா டாங்கியை வெளியே விட்ட கனரக வாகனத் தொழிற்சாலை. நடுவில் பாடி, பிரேக்கும் சக்கரமும் செய்கிற ஊர். இங்கெல்லாம் முப்பது வருஷம் இரும்போடு மல்லுக்கட்டி ரிட்டயர் ஆனவர்கள் எங்கே வந்து வீடு கட்டினார்கள் என்கிறீர்கள்? வானகரத்தில், எங்கள் தெருவில்தான். நானோ ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறவன். இஞ்சின் வண்டியில் எந்த இடத்தில் இருக்கிறது என்பது வரைக்கும் எனக்குத் தெரியும்.

ஒரகடத்தில் செய்த 350 சிசி வண்டி. முதல் சர்வீஸ் 500 கிலோமீட்டரில், அதுவரை பதமாக ஓட்டுங்கள் என்று சொல்லித்தான் சாவியைக் கொடுத்தார்கள். சும்மா தலையாட்டிவிட்டு வந்திருக்கலாம். பதமாக என்றால் எப்படி என்று வீட்டு வாசலில் நின்று உரக்க யோசித்தேன்.

முதலில் வந்தவர் லேத் சார். "தம்பி, சிலிண்டர் உள்சுவரு வழவழன்னு இருக்கும்னு நெனைக்காதே. குறுக்கும் நெடுக்குமா பொடிப்பொடியா கோடு போட்டிருப்பான், ஹோனிங்னு பேரு. பிஸ்டன் ரிங்கு அந்தக் கோட்டு மேட்டைத் தேய்ச்சுத் தேய்ச்சுத் தனக்கு இடம் பண்ணிக்கணும். தேய்ஞ்ச தூளெல்லாம் ஆயில்ல எறங்கும், அதனாலதான் முதல் ஆயிலைச் சீக்கிரம் மாத்தறான். நீ பாதிக்கு மேல முறுக்காதே."

எதிர்வீட்டு டாங்கி சார் கேட்டைத் திறந்துகொண்டே, "முறுக்கணும்யா!" என்றார். "உருட்டிக்கிட்டே கெடந்தா ரிங்கு எங்கேர்ந்து உக்காரும்? சுவரு கண்ணாடியாயிடும். அப்புறம் ஆயுசு பூரா ஆயில் குடிக்கும்."

பாடி சார் சமாதானமாக ஒரு வார்த்தை சொன்னார்: "எப்படி வேணா ஓட்டுப்பா. ஆனா பிரேக்கும் செட் ஆகணும், புது டயர் வழுக்கும். அதனால நிறுத்தாதே."

நிறுத்தாமல் எங்கே போவது என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதற்கும் ஒரு வழி சொல்லியிருப்பார்.

அவர்கள் சண்டை போட்டுக்கொண்டிருக்கட்டும் என்று வண்டியோடு கொடுத்த புத்தகத்தைப் பிரித்தேன். முழுசாக முறுக்காதே என்றது. பூந்தமல்லி நெடுஞ்சாலையில், வானகரம் சந்திப்பில், சாயங்காலம் ஏழு மணிக்கு அப்படி ஒரு கெட்ட எண்ணம் யாருக்கு வரும்? ஒரே வேகத்தில் வெகுதூரம் போகாதே என்றது. அதை நம் சாலைக் குழிகள் பார்த்துக்கொள்ளும். நின்ற இடத்தில் இஞ்சினை ஓடவிடாதே என்றதுதான் வினையாகப் போயிற்று. சிக்னல் விழுந்ததும் பொறுப்பாக இஞ்சினை அணைத்து, சைடு ஸ்டாண்டையும் போட்டுக் காத்திருப்பேன். பச்சை விழுந்ததும் பட்டனை அமுக்குவேன். வண்டி மௌனம் சாதிக்கும். ஸ்டாண்டு கீழே கிடந்து, வண்டியும் கியரில் இருந்தால் இந்தக் காலத்து வண்டி ஸ்டார்ட் ஆகாதாம். அது எனக்கு ஞாபகம் வருவதற்குள் பின்னால் நிற்கிற தண்ணீர் லாரிக்காரர் என் வம்சாவளியை மூன்று தலைமுறைக்குச் சொல்லி முடித்திருப்பார்.

ஒருநாள் மீன் மார்க்கெட்டிலிருந்து கூடை கட்டிக்கொண்டு வந்த டிவிஎஸ் எக்ஸ்எல் ஒன்று பக்கத்தில் வந்தது. அது 100 சிசி, என்னுடையது 350. வந்தவர் என் வேகத்தையும் என் முகத்தையும் பார்த்துவிட்டு, "பெட்ரோல் தீந்துடுச்சாண்ணே?" என்றார். வேறு யாராவது கேட்டிருந்தால் கோபம் வந்திருக்கும். அவர் குரலில் அவ்வளவு கருணை. "இல்லப்பா, ரன்னிங் இன்" என்றேன். அது ஏதோ வியாதி என்று நினைத்தாரோ என்னவோ, காலை நீட்டி என் ஃபுட்ரெஸ்டில் வைத்து, மதுரவாயல் பாலம் வரைக்கும் தள்ளிக்கொண்டே வந்தார். இரும்புக் குதிரையை மீன்கூடை தள்ளிக்கொண்டு போனதை நெடுஞ்சாலை மொத்தமும் பார்த்தது.

இங்கிலாந்தில் அந்தக் காலத்தில் புதுக் கார் வாங்கினால், 'ரன்னிங் இன், ப்ளீஸ் பாஸ்' என்று பின் கண்ணாடியில் அட்டை ஒட்டிக்கொள்வார்களாம். நானும் 'புது வண்டி, முந்திச் செல்லவும்' என்று ஒன்று எழுதித் தொங்கவிடலாமா என்று வீட்டில் கேட்டேன். "எதுக்குங்க அட்டையை வீணாக்கணும்? சொல்லாமலே எல்லாரும் அதைத்தானே பண்றாங்க" என்றாள் மனைவி.

பூஜை விஷயத்தில் அம்மா திருவேற்காடு கருமாரியம்மன் கட்சி, மனைவி பல்லவன் சாலை பாடிகார்டு முனீஸ்வரன் கட்சி. இரண்டு இடத்துக்கும் போனோம். முனீஸ்வரன் கோயிலுக்குப் போய்வந்தால் முப்பது கிலோமீட்டர் பக்கம் கணக்கில் சேருமே என்று நான் வாய்விட்டுச் சொன்னது மகா தப்பாகப் போயிற்று. மறுநாளே, "எப்படியும் கிலோமீட்டர் சேரணும்ல?" என்று காய்கறிக்கு என்னைக் கோயம்பேட்டுக்கு அனுப்பினாள் மனைவி. செய்தி தெருவுக்குப் போயிற்று. லேத் சாருக்குப் பூந்தமல்லியில் மாத்திரை, பாடி சார் பேத்திக்குப் போரூரில் டியூஷன், டாங்கி சார் வீட்டு இட்லி மாவு. "தம்பிக்கு வண்டி செட் ஆகணும், பாவம்" என்று சொல்லித்தான் பையைக் கொடுப்பார்கள். அதிலும் டாங்கி சார் மாவு வாங்கக்கூட முறுக்கித்தான் போகச் சொல்வார்.

ஒருவழியாக முதல் சர்வீஸ். பழைய ஆயிலை இறக்கியபோது பளபளவென்று பொடித்தூள் மின்னியது. லேத் சார் சொன்னது சரிதான். மெக்கானிக் பையன் வண்டியை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, "சூப்பரா வச்சிருக்கீங்க சார், நிதானமா ஓட்டியிருக்கீங்க" என்றான். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. "எந்த ஏரியா சார்?" என்றான். வானகரம் என்றேன். "ஓ, அப்ப வேற வழியே இல்ல" என்று அடுத்த வண்டிக்குப் போய்விட்டான்.

இப்போது அடுத்த தடவை எந்த ஆயில் ஊற்றுவது, மினரலா சிந்தெடிக்கா என்று ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வீட்டு வாசலில் பஞ்சாயத்து நடக்கிறது. காபி என் செலவு. அந்தப் பக்கம் வந்தால் அவசியம் எட்டிப் பாருங்கள். ஆலோசனை மட்டும் கொண்டுவராதீர்கள், வைக்க இடமில்லை.